ஒரே பந்தி, இரண்டு சுடுகாடு

போன மாதம் பக்கத்து ஊர்க் காலனியில் இரவுப் பாடசாலை ஒன்றுக்குப் பேசப் போயிருந்தேன். சிமெண்ட் ஷீட் கூரை, இரண்டு டியூப் லைட், சுவரில் அண்ணல் அம்பேத்கர் படம், தரையில் பாய். பேசி முடித்ததும் பன்னிரண்டாம் வகுப்புத் தம்பி ஒருவன் எழுந்தான். "அக்கா, சீக்கிய மதத்துல சாதியே கிடையாதுன்னு படிச்சிருக்கேன். எல்லாரும் ஒரே வரிசையில உக்காந்து சாப்பிடுறாங்க. நாமளும் அப்படி ஒரு மதத்துக்கு மொத்தமா போயிட்டா இந்தத் தொல்லை தீர்ந்துடாதா?"

நான் வாய் திறப்பதற்குள் மூலையில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் பதில் சொன்னாள். "நாங்க தாத்தா காலத்துலயே மாறிட்டோம்டா. கல்லறையில இன்னமும் எங்களுக்குத் தனி வரிசைதான். மாறினது என்னன்னா, சர்டிபிகேட் மட்டும்தான். அதுல எஸ்.சி. போயி பி.சி. வந்திருக்கு."

பாடசாலையில் யாரும் சிரிக்கவில்லை. அந்தத் தம்பியின் கேள்வியும் அந்தப் பெண்ணின் பதிலும் என்னோடு வீடு வரை வந்தன. இரண்டுக்கும் பஞ்சாபில் நீண்ட வரலாறு இருக்கிறது. அதை இங்கே எழுதுகிறேன்.

பந்தியில் பிறந்த சமத்துவம்

நம் ஊர்ப் பக்கம் சீக்கியர் என்றால் தலைப்பாகை, பட்டாளம், லாரி, நெடுஞ்சாலை தாபா. வெள்ளம் வந்தால் சோறு ஆக்கிப் போடுகிறவர்கள் என்றும் தெரியும். அந்தச் சோற்றுக்குப் பின்னால் ஒரு கொள்கை இருக்கிறது.

1469இல் பிறந்த குரு நானக், பிறப்பை வைத்து மனிதரை அளப்பதை மறுத்தார். அவர் வழியில் வந்தவர்கள் அந்த மறுப்பைப் பேச்சோடு நிறுத்தாமல் அன்றாடப் பழக்கமாக்கினார்கள். அதற்கு 'லங்கர்' என்று பெயர். குருத்வாராவுக்கு வருகிற எவரும், எந்தச் சாதியானாலும், தரையில் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே உணவைச் சாப்பிட வேண்டும். யாரோடு உண்ணலாம், யார் கையில் தண்ணீர் வாங்கலாம் என்பதில்தான் சாதி உயிர் வாழ்கிறது. அந்த உயிர்நிலையில் கைவைத்த ஏற்பாடு இது.

1604இல் ஐந்தாவது குரு அர்ஜன் தொகுத்த புனித நூலில் குருமார்களின் பாடல்களோடு வேறு சிலரின் பாடல்களும் சேர்க்கப்பட்டன. தோல் தொழில் செய்த ரவிதாசர், நெசவாளர் கபீர், துணி தைக்கும் சாதியில் பிறந்த நாமதேவர், இறைச்சி வெட்டும் தொழில் செய்த சதனா, முடி திருத்தும் தொழில் செய்த சைன், இசுலாமிய ஞானி ஷேக் பரீத். ரவிதாசரின் பாடல்கள் மட்டும் சுமார் 40 இருக்கின்றன. 1708இல் பத்தாவது குரு கோபிந்த் சிங், இனி மனித குரு கிடையாது, இந்த நூல்தான் குரு என்று அறிவித்தார். அதாவது, பொற்கோயிலில் யார் தலை வணங்கினாலும், தோல் தொழிலாளி ஒருவரின் சொல் அடங்கிய நூலின் முன்தான் தலை வணங்குகிறார். இந்தியாவில் வேறு எந்தப் பெரிய கோயிலின் கருவறையிலும் இப்படி ஒன்று நடந்ததாக நான் படித்ததில்லை.

1699 வைசாகி நாளில் ஆனந்த்பூரில் கல்சா அமைப்பு உருவானது. குரு தலை கேட்டபோது முன்வந்தவர்கள் ஐவர். லாகூரின் கத்ரி ஒருவர், அஸ்தினாபுரத்து ஜாட் ஒருவர், பூரி ஜெகந்நாதத்தின் தண்ணீர் சுமக்கும் தொழிலாளி ஒருவர், துவாரகையின் துணித் தொழிலாளி ஒருவர், பீதரிலிருந்து வந்த முடி திருத்துபவர் ஒருவர். ஐவரும் ஒரே கிண்ணத்து நீரைக் குடித்தார்கள். குருவும் அவர்கள் கையாலேயே வாங்கிக் குடித்தார். ஆணுக்குச் சிங், பெண்ணுக்குக் கௌர் என்று பொதுப் பெயர் வந்தது. பெயருக்குப் பின்னால் தொங்கிய சாதி வாலை அறுக்கத்தான் அந்த ஏற்பாடு.

குருவின் தலையைச் சுமந்தவர்

கல்சா உருவாவதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. 1675இல் ஒன்பதாவது குரு தேக் பகதூர், டெல்லியில் ஔரங்கசீப் ஆட்சியில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். உடலை எடுக்கவே ஊர் அஞ்சியது. வெட்டுண்ட தலையை எடுத்து மறைத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து ஆனந்த்பூரில் சிறுவன் கோபிந்திடம் ஒப்படைத்தவர் பாய் ஜைதா. துப்புரவுத் தொழிலில் தள்ளப்பட்டிருந்த சாதியைச் சேர்ந்தவர். அவரைத் தழுவிக்கொண்ட இளம் குரு, இந்த ரங்கரேட்டா மக்கள் குருவின் சொந்தப் பிள்ளைகள் என்று சொன்னதாகச் சீக்கிய மரபு நினைவு வைத்திருக்கிறது. ஜைதா பின்னர் அமுதம் பருகி ஜீவன் சிங் ஆனார். சம்கௌர் போரையொட்டிய சண்டையில் உயிர் துறந்தார்.

அந்தச் சாதியிலிருந்து சீக்கியரானவர்களுக்கு 'மஜபி' என்ற பெயர் வந்தது. 'மஜப்' என்றால் மதம். மதத்தில் உறுதியானவர் என்பது பொருள். கேட்க மரியாதையான பெயர்தான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். எல்லாரும் சீக்கியர் என்றால் ஒரு பிரிவுக்கு மட்டும் எதற்குத் தனிப் பெயர்? தோல் தொழில், நெசவுத் தொழில் சாதிகளிலிருந்து வந்தவர்கள் 'ராம்தாசியா' ஆனார்கள், 'ரவிதாசியா' ஆனார்கள். நிலம் வைத்திருந்த ஜாட், வணிகம் செய்த கத்ரி, தச்சு வேலை செய்த ராம்கடியா என்று மற்றவர்களும் பழைய வேலிக்குள்ளேயே நின்றார்கள். அறுத்த வால் வேறு பெயரில் மறுபடி முளைத்தது.

நமக்கு இது புதிதல்ல. தமிழ்நாட்டிலும் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதை விட்டுவிட்டோம். ஆனால் எந்தத் தெரு, யார் மகன் என்று கேட்பதை விட்டுவிட்டோமா?

1920 அக்டோபர் 12

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொற்கோயில் நிர்வாகம் பரம்பரைப் பூசாரிகளின் கையில் இருந்தது. தலித் சீக்கியர்கள் எல்லா நேரத்திலும் உள்ளே போக முடியாது. அவர்கள் கொண்டுவரும் பிரசாதத்தைப் பூசாரிகள் வாங்க மாட்டார்கள். ரவிதாசரின் பாடலை நூலிலிருந்து ஓதுகிறவர், ரவிதாசரின் சாதிக்காரர் கொடுக்கும் கோதுமை அல்வாவைத் தொட மறுத்தார்.

இதை எதிர்த்து 'கல்சா பிராதரி' என்ற அமைப்பு எழுந்தது. 1920 அக்டோபரில் அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக்கில் அதன் கூட்டம் நடந்தது. ஒன்றரை ஆண்டுக்கு முன்புதான் அந்த மைதானத்தில் டயரின் துப்பாக்கிகள் மக்களைச் சுட்டுக் குவித்திருந்தன. அதே மண்ணில் தலித் மக்கள் அமுதம் பருகிச் சீக்கியரானார்கள். அக்டோபர் 12 அன்று, கல்சா கல்லூரியின் ஆசிரியர்களும் மாணவர்களும் துணைக்கு வர, பிரசாதத்தை ஏந்திக்கொண்டு பொற்கோயிலுக்கு ஊர்வலமாகப் போனார்கள்.

பூசாரிகள் வாங்க மறுத்தார்கள். வாக்குவாதம் முற்றியது. கடைசியில், புனித நூலையே தீர்ப்புச் சொல்லக் கேட்பது என்று முடிவானது. நூலைத் திறந்து, கண்ணில் படும் பாடலைக் கட்டளையாக ஏற்பது சீக்கியர் வழக்கம். அன்று வந்த பாடல், தகுதியற்றவர் என்று ஒதுக்கப்பட்டவரையும் இறைவன் ஏற்றுக்கொள்கிறான் என்ற பொருளில் இருந்தது. பிரசாதம் வாங்கப்பட்டது. கூட்டம் அங்கிருந்து எதிரே இருக்கும் அகால் தக்துக்குப் போனது. அங்கிருந்த பூசாரிகள் இடத்தைவிட்டே ஓடிவிட்டார்கள். காலியாகக் கிடந்த பொறுப்பைச் சீர்திருத்தச் சீக்கியர்கள் ஏற்றார்கள். அடுத்த மாதம், 1920 நவம்பரில், குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி உருவானது.

இன்று அந்தக் கமிட்டியின் செல்வாக்கு நாடறிந்தது. அது பிறப்பதற்கு வழிவிட்டது ஒரு கைப்பிடி அல்வா. அதை ஏந்திப் போனவை தலித் கைகள். இந்தச் செய்தியைப் பஞ்சாப் வரலாற்றைச் சொல்லும் பலர் போகிற போக்கில் ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள்.

அந்தச் சூடு தெற்கு வரையிலும் வந்தது. 1924இல் திருவிதாங்கூரின் வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் ஒடுக்கப்பட்டோர் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் நடந்தபோது பெரியார் அங்கே போய்ச் சிறை சென்றதை நாம் அறிவோம். அந்த வைக்கத்துக்குப் பஞ்சாபிலிருந்து அகாலிச் சீக்கியர்களும் வந்தார்கள். போராடியவர்களுக்கு இலவசச் சமையற்கூடம் திறந்தார்கள். இது இந்துக்களின் பிரச்சினை, மற்றவர்கள் தலையிட வேண்டாம் என்பது காந்தியாரின் நிலை. சமையற்கூடம் விரைவில் மூடப்பட்டது. ஆனாலும், தீண்டாமைக்கு எதிரான தென்னாட்டுப் போராட்டத்தின் அடுப்பில் சில வாரங்கள் பஞ்சாபின் ரொட்டி வெந்தது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோயில் திறந்தது, வயல் திறக்கவில்லை

பிரசாதத் தட்டு கோயிலுக்குள் போனது. ஏர் வயலுக்குள் போனதா?

1900இல் வெள்ளையர் அரசு பஞ்சாபில் நில மாற்றுச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. விவசாயியின் நிலம் வட்டிக்காரரிடம் போகாமல் தடுப்பது நோக்கம் என்றார்கள். 'விவசாயச் சாதிகள்' என்று ஒரு பட்டியல் போட்டார்கள். பட்டியலில் உள்ளவர்தான் விவசாய நிலம் வாங்கலாம். தலைமுறை தலைமுறையாக வயலில் முதுகு ஒடிந்த தலித்துகள் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டாளத்தில் சேர்ந்து சம்பாதித்த காசு கையில் இருந்தாலும் ஒரு துண்டு வயல் வாங்க முடியாது. பஞ்சாபில் சாதியின் வேர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், நான் இந்தச் சட்டத்தைத்தான் முதலில் காட்டுவேன்.

இந்த அடைப்புக்கு எதிராக இன்னொரு குரல் எழுந்தது. ஹோஷியார்பூர் மாவட்டத்து முகோவால் ஊரில் தோல் வணிகக் குடும்பத்தில் பிறந்து, அமெரிக்கா போய், அங்கே கதர் கட்சியில் சேர்ந்து நாடு திரும்பியவர் மங்கு ராம். 1926 ஜூனில் தன் ஊரில் அவர் கூட்டிய மாநாட்டில் 'ஆதி தர்ம்' இயக்கம் தொடங்கியது. நாங்கள் இந்துக்களும் அல்ல, சீக்கியர்களும் அல்ல, முஸ்லிம்களும் அல்ல. இந்த மண்ணின் பழங்குடிகள், எங்கள் தர்மம் ஆதி தர்மம் என்றார்கள். நம் ஆதிதிராவிடர் என்ற சொல்லில் உள்ள அதே 'ஆதி'. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் மதம் ஆதி தர்மம் என்று பதிந்தார்கள்.

ஒரே மண்ணில், ஒரே காலத்தில் இரண்டு வழிகள். ஒன்று, சமத்துவம் பேசும் மதத்துக்குள் போய் அந்தப் பேச்சை மெய்ப்பிக்கச் சொல்லிச் சண்டையிடுவது. மற்றொன்று, வெளியே நின்று தனக்கென ஒரு பெயரை எழுப்புவது. நூறு ஆண்டுகளாக இந்த இரண்டும் பஞ்சாபில் பக்கத்துப் பக்கத்தில் நடந்துகொண்டிருக்கின்றன.

அம்பேத்கரும் எம்.சி. ராஜாவும்

1935 அக்டோபர் 13 அன்று யேவலாவில், இந்துவாகச் சாக மாட்டேன் என்று அம்பேத்கர் அறிவித்தார். எந்த மதம் என்று சொல்லவில்லை. எல்லா மதத்தாரும் கதவைத் திறந்து வைத்தார்கள். 1936 ஏப்ரலில் அமிர்தசரஸில் நடந்த சீக்கிய மாநாட்டில் அவர் கலந்துகொண்டார். பம்பாயில் 1937இல் சீக்கியர்கள் கல்சா கல்லூரி தொடங்கியதற்குப் பின்னாலும் இந்தத் தொடர்பு இருந்தது.

1936 ஜூனில் இந்து மகாசபைத் தலைவர் முஞ்சே அம்பேத்கரைச் சந்தித்தார். இசுலாத்துக்கோ கிறிஸ்தவத்துக்கோ போகாமல் சீக்கியத்துக்குப் போனால் மகாசபை எதிர்க்காது. புனா ஒப்பந்தத்தில் கிடைத்த உரிமைகள் மாறியவர்களுக்கும் தொடரும் என்பது அப்போது பேசப்பட்ட ஏற்பாடு. இதற்கு ஆதரவு கேட்டு முஞ்சே இரகசியக் கடிதம் எழுதியது நம் எம்.சி. ராஜாவுக்கு. பரங்கிமலையில் பிறந்து, சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் ஒடுக்கப்பட்டோரின் முதல் குரலாக அமர்ந்த அதே ராஜா.

ராஜா ஒத்துக்கொள்ளவில்லை. மதம் மாறுவது மனம் மாறுவது. எங்கள் மக்களை ஒரு கூட்டத்தின் எண்ணிக்கையிலிருந்து எடுத்து இன்னொரு கூட்டத்தின் எண்ணிக்கையில் சேர்க்கும் பேரமாக அதை ஆக்காதீர்கள் என்ற பொருளில் பதில் எழுதினார். கடிதங்களைப் பத்திரிகையிலும் வெளியிட்டுவிட்டார். அம்பேத்கருக்கும் ராஜாவுக்கும் இடையில் நிறைய முரண்பாடுகள் உண்டு. இங்கே யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. மதமாற்றத்துக்கு வெளியே இருந்துவந்த எல்லா ஆதரவும் தலித் மக்களின் நன்மைக்காக மட்டும் வந்ததல்ல. எண்ணிக்கைக் கணக்கும் அதில் இருந்தது என்பதை அந்தக் கடிதங்கள் காட்டுகின்றன. பின்னர் அம்பேத்கர் சீக்கியத்தை நோக்கிய பயணத்தை நிறுத்திக்கொண்டார். இருபது ஆண்டுகள் கழித்து, 1956 அக்டோபர் 14 அன்று, நாகபுரியில் பௌத்தம் ஏற்றார்.

ஒரு ஆணை, நான்கு சாதி

இப்போது அந்தக் கல்லூரிப் பெண்ணின் சர்டிபிகேட்டுக்கு வருவோம்.

1950இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து மதம் அல்லாத வேறு மதத்தைச் சேர்ந்தவர் பட்டியல் சாதி ஆக முடியாது என்றது. அதிலேயே ஒரு விலக்கும் இருந்தது. பஞ்சாபிலும் அதை ஒட்டிய பழைய பெப்சு மாநிலத்திலும் வாழும் மஜபி, ராம்தாசி, கபீர்பந்தி, சிக்லிகர் ஆகிய நான்கு சாதியினர் சீக்கியராக இருந்தாலும் பட்டியலில் இருக்கலாம். சீக்கியத் தலைவர்கள் விடாமல் கேட்டு வாங்கிய விலக்கு அது. 1956இல் ஆணை திருத்தப்பட்டு, பட்டியலில் உள்ள எல்லாச் சாதிகளின் சீக்கியர்களுக்கும் அந்த உரிமை வந்தது. 1990இல் பௌத்தர்களுக்கும் வந்தது. தலித் கிறிஸ்தவர்களுக்கும் தலித் முஸ்லிம்களுக்கும் வரவில்லை.

இந்த வேறுபாட்டின் கூர்மையை உச்ச நீதிமன்றத்தில் காட்டியவர் சென்னை மவுண்ட் ரோடு ஓரத்தில் செருப்புத் தைத்த ஒரு தமிழர். பெயர் சூசை. பட்டியல் சாதிச் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, ஆதிதிராவிடராகப் பிறந்த அவருக்கு மட்டும் இல்லை என்றார்கள். காரணம், அவர் கிறிஸ்தவர். அதே ஊசி, அதே நூல், அதே நடைபாதை. மதம் மட்டும்தான் வேறு. 1985இல் நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. மதம் மாறிய பிறகும் அதே அளவு ஒடுக்குமுறை தொடர்கிறது என்று காட்டப் போதுமான ஆதாரம் இல்லை என்றது.

இங்கேதான் சீக்கிய அனுபவம் நமக்குப் பாடமாகிறது. தங்கள் மதத்தின் கொள்கையில் சாதி இல்லை, ஆனால் தங்கள் மக்களின் வாழ்க்கையில் இருக்கிறது என்பதைச் சீக்கியத் தலைவர்கள் அரசின் முன் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டதால் உரிமை கிடைத்தது. மதத்தின் பெருமை குறைந்துவிடும் என்று மறைத்திருந்தால் மஜபிகள் நட்டாற்றில் நின்றிருப்பார்கள். மதத்தையும் பட்டியல் சாதித் தகுதியையும் பிரித்துவிடலாம் என்று 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் இதே கேள்வியை ஆராய கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைக்கப்பட்டது. சூசை கேட்ட கேள்வி இன்னும் வரிசையில் நிற்கிறது.

உள் ஒதுக்கீட்டின் கதையும் பஞ்சாபிலிருந்துதான் தொடங்குகிறது. பட்டியல் சாதி ஒதுக்கீட்டில் பாதியை, மிகவும் பின்தங்கிய வால்மீகிகளுக்கும் மஜபி சீக்கியர்களுக்கும் முன்னுரிமையாக 1975இல் பஞ்சாப் அரசு ஒதுக்கியது. அந்த வழக்கு நீதிமன்றங்களில் சுற்றிச் சுற்றி, 2024 ஆகஸ்ட் 1 அன்று, உள் ஒதுக்கீடு செல்லும் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் முடிந்தது. நம் மாநிலத்தில் 2009 முதல் அருந்ததியருக்கு இருக்கும் 3 விழுக்காட்டுக்கும் அந்தத் தீர்ப்புத்தான் காவல். மஜபி வீட்டுப் பிள்ளைக்கும் அருந்ததியர் வீட்டுப் பிள்ளைக்கும் இடையில் இப்படி ஒரு நூல் ஓடுகிறது.

தல்ஹனில் ஒரு நாற்காலி

இன்றைய பஞ்சாபைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பின்படி அங்கே மக்கள்தொகையில் 31.9 விழுக்காடு பட்டியல் சாதியினர். இந்திய மாநிலங்களிலேயே இதுதான் அதிகம். ஆனால் அவர்கள் கையிலுள்ள விவசாய நிலம் 4 விழுக்காட்டைத் தொடவில்லை. ஊருக்கு வெளியே தனிக் குடியிருப்பு. பல ஊர்களில் ஜாட்டுக்கு ஒரு குருத்வாரா, தலித்துக்கு ஒரு குருத்வாரா. சுடுகாடும் இரண்டு. லங்கரில் பக்கத்தில் உட்கார்ந்து உண்டவர், செத்தபின் பக்கத்தில் எரிய முடியாது.

ஜலந்தர் அருகே தல்ஹன் என்ற ஊர். அங்கே பாபா நிஹால் சிங் என்ற கைவினைஞரின் நினைவிடம் பெரிய வழிபாட்டுத் தலமாக வளர்ந்து, ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் காணிக்கை வந்தது. ஊரில் பெரும்பான்மையாக இருந்த ஆதி தர்மிகள் கேட்டது ஒன்றுதான்: நிர்வாகக் குழுவில் எங்களுக்கும் இடம் வேண்டும். கிடைத்த பதில் ஊர்விலக்கு. 2003 ஜனவரியில் தலித்துகளுக்குப் பால் இல்லை, வயலில் வேலை இல்லை, கடையில் பொருள் இல்லை என்றானது. ஜூனில் மோதல் வெடித்தது. ஜலந்தர் வரை பரவிய போராட்டத்தில் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தார். அதன் பிறகுதான் குழுவில் தலித்துகள் இருவருக்கு இடம் தர ஒப்பந்தம் ஆனது. பந்தியில் இடம் கொடுக்க யாரும் தயங்கவில்லை. நாற்காலியில் இடம் கேட்டபோதுதான் ஊர் இரண்டானது.

2006இல் மான்சா மாவட்டத்துப் பந்த் சிங்கின் கதை நாட்டை உலுக்கியது. மஜபி சீக்கியர், விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர், பாடகர். தன் குடும்பத்துக்கு நேர்ந்த வன்கொடுமைக்கு எதிராக நீதிமன்றம் போய்த் தண்டனை வாங்கித் தந்தவர். அதற்குப் பழிவாங்க, ஆதிக்கச் சாதிக்காரர்கள் அவரை அடித்து நொறுக்கினார்கள். இரண்டு கைகளையும் ஒரு காலையும் இழந்தார். மருத்துவமனைக் கட்டிலிலும் அவர் பாடினார். அவர் பாடியவை, மஜபிக் குடும்பத்தில் பிறந்த புரட்சிக் கவிஞர் சந்த் ராம் உதாசியின் பாடல்கள்.

இத்தகைய அவமதிப்புகள் சேர்ந்து சேர்ந்து ஒரு பகுதி மக்களை வேறு திசைக்குத் தள்ளின. ரவிதாசரைத் தங்கள் குருவாகக் கொண்டவர்களின் பெரிய மையம் ஜலந்தர் அருகேயுள்ள பல்லான் தேரா. 2009 மே மாதம் ஆஸ்திரியாவின் வியன்னாவில் அதன் துறவிகள் மீது தாக்குதல் நடந்து, சந்த் ராமானந்த் கொல்லப்பட்டார். 2010 ஜனவரி 30 அன்று, ரவிதாசர் பிறந்த வாரணாசியில், ரவிதாசியா தனி மதம் என்று தேரா அறிவித்தது. குரு கிரந்த சாகிபுக்குப் பதிலாக, ரவிதாசரின் பாடல்களை மட்டும் கொண்ட அமிர்தபாணி என்ற நூலை முன்வைத்தது. எல்லா ரவிதாசியாக்களும் அதை ஏற்கவில்லை. எங்கள் குருவின் சொல் கிரந்தத்திலேயே இருக்கும்போது நாங்கள் ஏன் வெளியேற வேண்டும் என்று கேட்பவர்கள் ஏராளம். வெளியேறியவர்கள், சொல்லை வணங்கிவிட்டுச் சொன்னவரின் பிள்ளைகளை ஒதுக்குகிற இடத்தில் நாங்கள் ஏன் இருக்க வேண்டும் என்கிறார்கள். இரண்டுமே நியாயமான கேள்விகள்தான்.

2021 செப்டம்பரில் சரண்ஜித் சிங் சன்னி பஞ்சாபின் முதல் தலித் முதலமைச்சர் ஆனார். மூன்றில் ஒரு பங்கு மக்களுக்கு அந்த நாற்காலி கிடைக்க, விடுதலைக்குப் பின் 74 ஆண்டுகள் ஆகின. சில மாதங்களில் வந்த தேர்தலில் அதுவும் போனது.

மூன்றில் ஒரு பங்கு வயல்

நம்பிக்கை தருகிற கதை சங்ரூர் பக்கத்து வயல்களில் இருக்கிறது. பஞ்சாப் சட்டப்படி, ஊர்ப் பொது விவசாய நிலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தலித்துகளுக்கு மட்டுமே ஆண்டு ஏலத்தில் குத்தகைக்கு விட வேண்டும். 1960களிலிருந்து இது ஏட்டில் இருக்கிறது. நடந்தது என்னவென்றால், நிலக்கிழார் தன் வேலையாளான ஒரு தலித்தின் பெயரில் ஏலம் எடுப்பார். கையெழுத்து தலித்துடையது, விளைச்சல் நிலக்கிழாருடையது. பினாமிக் கூத்து நமக்குத் தெரியாததா?

2014இல் நிலம் பெறும் போராட்டக் குழு என்ற அமைப்பு சங்ரூர் மாவட்டத்தில் எழுந்தது. படித்த தலித் இளைஞர்கள் சட்டத்தை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய்ப் படித்துக் காட்டினார்கள். பலத் கலான் ஊரில் தலித் குடும்பங்கள் ஒன்றாகக் கூடிப் பணம் போட்டு, பினாமிகளை விலக்கி, நிலம் எங்களுக்கு என்று நின்றார்கள். மறியல், தடியடி, கைது எல்லாம் நடந்தன. நிலம் கிடைத்தது. கூட்டாகப் பயிர் செய்தார்கள். பெண்கள் சொன்ன பலன் வேறு. மாட்டுக்குப் புல் அறுக்க இனிமேல் அடுத்தவர் வரப்பில் ஏச்சுக் கேட்டு, சீண்டல் பொறுத்து நிற்க வேண்டியதில்லை. ஒரு கட்டுப் புல்லில் எவ்வளவு மானம் இருக்கிறது என்பது நம் தாய்மார்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எல்லா ஊரிலும் இப்படி முடியவில்லை. 2016இல் ஜலூர் என்ற ஊரில் நிலம் கேட்டவர்கள் மீது தாக்குதல் நடந்து, காயம்பட்ட மூதாட்டி ஒருவர் பின்னர் இறந்தார். தாக்கியவரும் சிங், தாக்கப்பட்டவரும் சிங். இரு தரப்பும் காலையில் கேட்பது ஒரே நூலின் பாடலைத்தான்.

அந்தத் தம்பிக்கு

தம்பி, உன் கேள்விக்கு அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

சீக்கிய மதத்தின் சமத்துவப் பேச்சு பொய்யல்ல. அந்தப் பேச்சு இல்லாவிட்டால் 1920இல் பிரசாதத் தட்டோடு உள்ளே போகும் துணிவு வந்திருக்காது. உங்கள் நூலே எங்கள் பக்கம் பேசுகிறது, திறந்து பாருங்கள் என்று கேட்டிருக்க முடியாது. ஒரு மதம் சமத்துவத்தை எழுதி வைத்திருப்பது, கடன்பத்திரம் கையில் இருப்பது மாதிரி. இல்லாததைவிட இருப்பது நல்லது. ஆனால் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினால் பணம் வராது. கேட்க வேண்டும், கூட்டமாகக் கேட்க வேண்டும், பந்தியோடு நிற்காமல் நிர்வாகக் குழு, சுடுகாடு, வயல் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

அந்தத் தங்கைக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உன் தாத்தா மாறியது வீண் அல்ல. அன்று அவர் மானத்தோடு நிற்க ஓர் இடம் தேடினார். அவர் தேடியது இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை என்பது அவர் குற்றமல்ல. கல்லறையில் தனி வரிசை இருக்கிறது என்பதை நீ சபையிலே எழுந்து சொன்னாயே, அதை எழுதி வை. படம் எடுத்து வை. ஆதாரம் போதவில்லை என்றுதானே சூசையிடம் சொன்னார்கள்?

இரவுப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த வாரம் கிராம நிர்வாக அலுவலரிடம் போய், நம் ஊர் அ-பதிவேட்டில் பஞ்சமி நிலம் எத்தனை ஏக்கர், இன்று அது யார் அனுபவத்தில் இருக்கிறது என்று கேட்டு எழுதிவர வேண்டும். நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு நான்கு பேர் சேர்ந்து போகச் சொல்லியிருக்கிறேன். பலத் கலானிலும் அப்படித்தான் தொடங்கியது.